வலைஞர் ஊரும் வானளாவிய மாடங்களும்

ஓர் ஊரின் பழமையை அதன் பெயரே உரைத்துவிடும் என்பது இடப்பெயராய்வாளர் கொள்கை. ஸ்பெயின் நாட்டின் அலிகாந்தே மாகாணத்தில், மத்தியதரைக் கடலோரம் அமைந்த பெனிடோர்ம் இதற்கு நற்சான்று. ‘பெனி’ என்பது ‘இன்னாரின் மக்கள்’ எனப் பொருள்படும் ‘பனூ’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு. 13ஆம் நூற்றாண்டு வரை அங்கு நிலவிய முஸ்லிம் ஆட்சியின் எச்சமாக, ‘பெனி’ எனத் தொடங்கும் ஊர்கள் அப்பகுதியில் இன்றும் பல உள. ஆயின் பெனிடோர்ம் என்றவுடன் இன்று எவர்க்கும் நினைவில் எழுவன விண்முட்டும் மாடங்களே. இம்மாற்றம் நேர்ந்த வகையைக் காண்போம்.

அவ்வூரார் சூரைமீன் வேட்டையில் பெயர்பெற்றோர். கடலில் வலைகளை அரண்போல் நிறுத்தி மீன்கூட்டத்தை மடக்கும் முறைக்கு ‘அல்மத்ராபா’ என்று பெயர்; அரபியில் ‘அடிக்கும் இடம்’ என்பது பொருள். வலைக்குழுவின் தலைவன் ‘அர்ராயெஸ்’ எனப்பட்டான்; தலைவனைக் குறிக்கும் ‘ரயீஸ்’ என்பதே அதன் மூலம். அரபு ‘முஅல்லிம்’ நம் கரையில் ‘மாலுமி’ ஆயிற்று என்பதை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. கப்பற்சொற்கள் கடவுச்சீட்டு கேட்பதில்லை!

மீன்தொழில் நலிந்த 1950களில் நகரத் தலைவராயிருந்த பெத்ரோ சரகோசா, சுற்றுலாவே இனி ஊருக்குச் சோறு எனத் துணிந்தார். 1956இல் நகரமைப்புத் திட்டம் உருவாயிற்று. 1963இல் அதிற் செய்த திருத்தம் உயர வரம்பை நீக்கிற்று. மனையின் அளவுக்கேற்பவே கட்டடத்தின் கொள்ளளவு என்பது விதி. ஆதலின் உயர உயரக் கட்டடம் ஒடுங்கும், சுற்றிலும் வெற்றிடம் மிகும்.

“மாடி உயர்ந்தது, மனிதம் தாழ்ந்தது” என்று எழுதாத மாணவர் தேர்வுத்தாளை யான் கண்டதில்லை. பெனிடோர்ம் அக்கூற்றை மறுக்கிறது. அங்கு எழுந்த மாடங்கள் பெரும்பாலும் நடுத்தர மக்களும் தொழிலாளரும் சிக்கனமாகக் கடற்காற்று வாங்க வந்த இடங்கள். 1978 வறட்சியில் கப்பலில் நீர் கொணர நேர்ந்தது உண்மையே. எனினும் தோட்டமும் நீச்சற்குளமுமாகப் பரந்த தனிவீடுகளைவிட, அடுக்குமாடியில் தலைக்குச் செலவாகும் நீர் குறைவு. விழுங்கப்படும் நிலமும் குறைவு. 2002இல் திறந்த கிரான் ஹோட்டல் பாலி 186 மீட்டர் உயர்ந்தும் விடுதியாகவே நின்றது.

போக்கு மாறியதைக் காட்டுவது ‘இன்டெம்போ’ என்னும் 47 மாடிச் சொகுசுக் குடியிருப்பு. இரு கோபுரங்களை மேற்பகுதியில் தலைகீழ்க் கூம்பு வடிவ அமைப்பொன்று இணைக்கும். 2007இல் தொடங்கிய பணி, அடுத்த ஆண்டு வந்த பொருளாதார நெருக்கடியிற் சிக்கிப் பல்லாண்டு அரைகுறையாய் நின்றது. 2013இல், மின்தூக்கி வைக்கவே மறந்துவிட்டனர் என்ற பொய்ச்செய்தி உலகெங்கும் பரவியது. உலகம் அதை நம்பிச் சிரித்தது. 2021இலேதான் கட்டடம் நிறைவெய்தியது.

உயரம் ஒன்றே, அதனால் யார்க்குப் பயன் என்பதே வேறுபட்டது. விடுதி அறையில் வாரந்தோறும் வேறொரு குடும்பம் தங்கும். விலையுயர்ந்த அடுக்ககத்தை வாங்குவோருள் பலர்க்கு அஃது இரண்டாம் வீடு. ஆண்டில் சில வாரங்களே அங்கு விளக்கெரியும். மறுபுறம், அந்நகர விடுதிகளிற் பணிபுரிவோர்க்கு வாடகை வீடு கிடைத்தல் அரிதாகிவிட்டது. வலைஞர் ஊரில் படுக்கை விரிக்கும் பெண்டிருட் சிலர், வைகறையில் அண்டை ஊர்களிலிருந்து பேருந்தேறி வருகின்றனர்.