மூளை முடக்குவாதமுள்ள பிள்ளையை இயந்திரம் நடக்க வைக்குமா?

ஒலுவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு வருடமாக ஒரு மலையகப் பிள்ளை தங்கிப் படிக்கிறாள். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எங்கள் ஊரில் இருப்பதால் ஹட்டன், பதுளைப் பக்கத்துப் பிள்ளைகள் இங்கே வருவது வழக்கம். போன மாதம் ஓர் இரவு அவளுடைய தாயார் தொலைபேசியில் என்னோடு பேச வேண்டும் என்றார். நான் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

“டீச்சரம்மா, எங்க சின்னவனுக்கு நாலு வயசு. இன்னும் நடக்கல்ல. போன்ல ஒரு வீடியோ பாத்தோம். மெசின்ல புள்ளைய கட்டி விட்டா அதுவே நடக்க வைக்குதுங்க. அவங்க தாத்தாவோட சர்வீஸ் காசு வந்திருக்கு. அதப் போட்டு ஒன்னு வாங்கிரலாமா?”

ஒருவர் நாற்பது வருடம் மலையில் நின்று உழைத்த காசு. ஒரு நாள் அவகாசம் கேட்டு, யோசித்துத்தான் பதில் சொன்னேன். அந்தப் பதிலையே இங்கு எழுதுகிறேன். வேறு லயங்களிலும் இதே கேள்வி இருக்கும்.

முதலில் நோயைப் பற்றி. டாக்டர்மார் செரிப்ரல் பால்சி என்று சொல்வது இதைத்தான். கருவிலோ, பிரசவத்தின்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பு இது. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கவனிக்காமல் விட்ட கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் எனக் காரணங்கள் பல. சில பிள்ளைகளில் காரணம் தெரிவதே இல்லை. ஆயிரம் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு உலகமெங்கும் வருகிறது. லண்டன் டாக்டர் வில்லியம் ஜோன் லிட்டில் 1862இலேயே இதை விரிவாக எழுதினார். அவர் பார்த்தது இங்கிலாந்துப் பிள்ளைகளை. ஆகவே செய்வினை, கிரகணம் என்று யாராவது உங்கள் மேல் பழி போட்டால் காதில் வாங்காதீர்கள்.

இது தொற்றாது. மூளையின் பாதிப்பு கூடிக்கொண்டு போவதும் இல்லை. ஆனால் பிள்ளை வளர வளர இறுகிய தசைகள் குறுகி மூட்டுகள் மடங்கிப் போகலாம். பழுது காலில் அல்ல, காலுக்குக் கட்டளை அனுப்பும் இடத்தில். இதை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சம் சுலபமாக விளங்கும்.

அந்தத் தாய் பார்த்த வீடியோவை நானும் பார்த்தேன். சுவிட்சர்லாந்தில் செய்யப்படும் லோகோமாட் போன்ற இயந்திரம் அது. பிள்ளையைப் பட்டிகளில் தாங்கி, கால்களில் மோட்டார் பூட்டிய சட்டங்களைக் கட்டி, ஓடும் பட்டியின் மேல் அடியெடுத்து வைக்கச் செய்யும். பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று இயக்க வேண்டிய சாமான், லயத்து அறையில் வைப்பதற்கானதல்ல. சில பிள்ளைகளுக்கு அதனால் நன்மை உண்டு. ஆனாலும் அதே அளவு நேரம் நிலத்தில் முயன்று பழகுவதை விட அது மேலானது என்று ஆய்வுகளில் உறுதியாகவில்லை.

ஏன் அப்படி? நீங்கள் கொழுந்து எடுக்கப் பழகியதை நினைத்துப் பாருங்கள். யாராவது உங்கள் விரலைப் பிடித்து ஆட்டியா பழக்கினார்கள்? நீங்களே கிள்ளினீர்கள், முற்றிய இலையும் சேர்ந்து வந்தது, ஏச்சு விழுந்தது, மறுபடி கிள்ளினீர்கள். மூளை அப்படித்தான் கற்கிறது. தானே முயன்று, பிழை விட்டு, திருத்தி, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மெசினே காலைத் தூக்கி வைத்தால் பிள்ளை சும்மா இருந்துவிடலாம். நாம் எண்ணெய் தடவி உருவுவதும், பிடித்து நீட்டி மடக்குவதும் மட்டும் நடையைக் கற்றுத் தராததற்கும் இதுவே காரணம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் மின்சாரத்தில் கால் மிதிக்கும் மெசின் ஒன்றை நகை அடகு வைத்து வாங்கினார்கள். விற்றவர்கள் ஆறு மாதத்தில் நடப்பான் என்றார்களாம். ஒரு வருடம் மெசின்தான் மிதித்தது. பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அதில் சட்டை காயப் போடுகிறார்கள். அவனைக் கடைசியில் எழுந்து நிற்க வைத்தது அவனுடைய உம்மம்மாவின் இடியப்ப மேசை. மேசை விளிம்பைப் பிடித்து நின்றால் சூடாக ஒன்று கையில் கிடைக்கும். ஒரு நாளைக்கு இருபது தரம் எழும்பினான்!

வீடியோ விளையாட்டுகளும் இதே காரணத்தால்தான் சிகிச்சைக்குள் வந்தன. 2006இல் வந்த வீ, 2010இல் வந்த கினெக்ட் ஆகியவை விளையாட்டுச் சாமான்களே. கையை நீட்டினால் திரையில் பந்து பிடிபடும். பிள்ளை அலுக்காமல் நூறு தரம் நீட்டும். கினெக்ட் தயாரிப்பு 2017இல் நின்றுவிட்டது, அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் பலூனும் கையை நீட்ட வைக்கும்.

அப்படியானால் நவீன தொழில்நுட்பம் நமக்கு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் வேறு இடத்தில். தமிழ்நாட்டின் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. அவருக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு டேப்லட்டையும் கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறார்கள். பிள்ளை என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்பதை அவர்கள் அதில் பதிவார்கள். தூரத்தில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் அதைப் பார்த்து அடுத்த இலக்கைச் சொல்வார். பழக்குவது தாயும் தகப்பனும். இந்த முறையில் மெசின் பிள்ளையை ஆட்டுவதில்லை. கணக்கு வைக்கிறது, தூரத்து நிபுணரைக் குடிசைக்குக் கொண்டுவருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு பேர் போய்விடுமே என்று தயங்குகிற நமக்கு இது யோசிக்க வேண்டிய விசயம். நம் பிள்ளை மடுவங்களிலும் இப்படிச் செய்ய முடியும் என்றே நான் நினைக்கிறேன்.

இலக்கு சிறியதாக, பிள்ளைக்கு ஆசையானதாக இருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட கைவேலையைப் பழக 14 முதல் 25 மணி நேரம் வரை பயிற்சி தேவைப்படும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தினம் அரை மணி என்றால் ஒன்று, ஒன்றரை மாதம்.

எல்லாப் பிள்ளையும் நடக்காது என்பதையும் மறைக்கக் கூடாது. கனடாவில் 1997இல் வகுத்த முறைப்படி அசைவுத் திறனை ஐந்து நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலைப் பிள்ளை ஓடவும் செய்யும். ஐந்தாம் நிலைப் பிள்ளைக்குத் தலையை நிமிர்த்துவதே பாடு. அந்தப் பிள்ளைக்கு நல்ல நாற்காலியும், நிமிர்ந்திருந்து சாப்பிடுவதும், ஆசையைச் சைகையால் சொல்வதும்தான் இலக்கு. படுக்க வைத்துச் சோறு ஊட்டாதீர்கள், நெஞ்சுக்குள் போய்விடும். இரண்டு வயதுக்குள் பிடிக்காமல் உட்கார்ந்த பிள்ளை பெரும்பாலும் ஏதோ ஒரு விதத்தில் நடக்கும். இடுப்பு மூட்டு மெதுவாக விலகுவது இந்தப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு நேர்கிறது. வலி வரும்வரை காத்திராமல் எக்ஸ்ரே பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். நாலு மாதம் கழிந்தும் தலை நிற்கவில்லையா, கை எப்போதும் பொத்தியே இருக்கிறதா, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவிக்கிறதா, ஒன்பது மாதத்திலும் உட்காரவில்லையா? “பொறுத்துப் பார்ப்போம்” என்று யார் சொன்னாலும் கேட்காமல், கிளினிக் கார்டோடு மிட்வைஃபிடமோ தோட்ட வைத்திய அதிகாரியிடமோ போய், பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு கேளுங்கள். ஆறு மாதத்துக்குள்ளேயே கண்டுபிடிக்க இப்போது முறைகள் உண்டு. மூளை வேகமாகப் பழகும் காலமும் அதுதான்.

அந்தத் தாயிடம், சின்னவன் எப்போது உட்கார்ந்தான் என்று கேட்டேன். “ஒன்றரை வயசுல டீச்சரம்மா.” எனக்கு மனம் குளிர்ந்தது. தாத்தாவின் காசை வங்கியில் போடச் சொன்னேன். பிசியோதெரபிக்குப் போகவர பஸ் காசும், டாக்டர் சொன்னால் காலுக்குப் போடும் சப்பாத்தும் அதிலிருந்து எடுக்கலாம். பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டு முதல் இலக்கு வைத்தார்கள்: சின்ன முக்காலியில் தானே உட்கார்ந்து, இரண்டு கையாலும் கோப்பை பிடித்துத் தேத்தண்ணி குடிப்பது.

போன கிழமை தகப்பன் முக்காலி செய்து படம் அனுப்பினார். கால் இரண்டும் தரையில் பதியாமல் தொங்கின. இரண்டு அங்குலம் அறுக்கச் சொல்லியிருக்கிறேன்.