இடைவழியில் தனியே நிற்க நேர்ந்தால்

மாணவர்களே,

தனியே பயணஞ் செய்யும்போது இடைவழியில் நிற்க நேர்ந்தால் எவ்வாறு பாதுகாப்பைத் தேடிக்கொள்வீர் என்ற வினாவுக்கு உங்களில் அநேகர், "கவனமாக இருக்க வேண்டும்" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறீர்கள். அது விடையன்று. எங்கே செல்வீர், யாரிடம் கேட்பீர் என்பதே விடை. எமது ஊர்ப் பாதையையே எடுத்து நோக்குவோம்.

வவுனியாவிலிருந்து தண்ணீரூற்றுக்குத் திரும்பும் நீங்கள் மாங்குளம் சந்தியில் இறங்குகிறீர்கள். முல்லைத்தீவுக்கான கடைசி பஸ் போய்விட்டது. இருட்டுகிறது. "கொஞ்சத் தூரம் நடப்பம், ஏதும் வாகனம் வரும்" என்ற எண்ணந்தான் முதலில் தோன்றும். அதுவே பிழையான முடிவு. மாங்குளம் - முல்லைத்தீவு வீதி (ஏ-34) ஏறத்தாழ 50 கிலோமீற்றர். ஒட்டுசுட்டான் வரை பெரும்பகுதி காடு. இருளில் நிற்கும் யானையை மிகக் கிட்டப் போன பின்னரே காண்பீர்கள். குறுக்கு வழியென்று தார் வீதியை விட்டு இறங்குவதும் ஆகாது. யுத்தம் 2009இல் முடிந்து கண்ணிவெடிகள் பெருமளவு அகற்றப்பட்டபோதிலும், வன்னியில் துப்புரவாக்கப்படாத இடங்கள் இன்னும் உள்ளன. மண்டையோடு பொறித்த சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த தடத்திலேயே திரும்புக.

ஆகவே சந்தியை விட்டு அசையாதீர்கள். வெளிச்சமும் ஆட்களும் உள்ள கடையில் நின்று வீட்டுக்கு அறிவியுங்கள். கைத்தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்தால் கடைக்காரரிடம் கேட்கலாம். அதற்கு வீட்டு இலக்கம் மனப்பாடமாக இருக்க வேண்டும். (சூத்திரங்களை மனனஞ் செய்யும் நீங்கள் அம்மாவின் இலக்கத்தை மனனஞ் செய்வதில்லை!) கடை பூட்டினால் மாங்குளம் வைத்தியசாலைக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ செல்லுங்கள். இரண்டிலும் இரவு முழுவதும் ஆட்கள் இருப்பார்கள்.

மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து, "நான் முள்ளியவளைதான், ஏறும் தம்பி" அல்லது "ஏறும் பிள்ளை" என்று அழைத்தால்? ஊர்ப்பெயர் சொன்னது போதாது. வீட்டாருடன் அவரைப் பேசவிடுங்கள். அவர்கள் ஆளை அறிந்து சம்மதித்தாலன்றி ஏறவேண்டாம். மறுப்பது மரியாதைக் குறைவன்று.

அறிந்திருக்க வேண்டிய இலக்கங்கள்: பொலிஸ் அவசர சேவை 119, சிறுவர் உதவிச் சேவை 1929, அம்புலன்ஸ் 1990.

மாதிரி வினா
மாலை 7 மணிக்கு ஒட்டுசுட்டானுக்கு அப்பால் பஸ் பழுதடைகிறது. பயணிகள் சிலர் இறங்கி நடக்கின்றனர். தனியே வந்த தரம் 11 மாணவி ஒருத்தி பஸ்ஸிலேயே இருக்க முடிவு செய்கிறாள்.
(i) அவளது முடிவு சரியானதா? இரு காரணங்கள் தருக.
(ii) நடத்துநரிடம் அவள் கேட்கவேண்டியவை இரண்டு எழுதுக.
(iii) அவள் வீட்டுக்கு அனுப்பவேண்டிய குறுஞ்செய்தியை 15 சொற்களில் எழுதுக. (இடம், பஸ் இலக்கம், நேரம் மூன்றும் இல்லாவிடின் புள்ளி இல்லை.)