மலை இல்லாத ஊரை வரைகிறவர்களுக்கு

புதுச்சேரி அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் படித்த பிள்ளைகள் சிலர், எங்கும் படிக்காமல் தாமாகவே கை பழகிய சிலர், பாகூர் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் என் வீட்டுத் திண்ணைக்குப் படக்கட்டோடு வருகிறார்கள். கேட்பது ஒன்றுதான்: "ஐயா, குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடணும், எங்கேர்ந்து தொடங்கறது?" ஆளுக்கு ஆள் சொன்னதை இங்கே எண் போட்டு எழுதுகிறேன்.

1. முதலில் அந்த இரண்டு மலைகளை எடுத்துவிடு.

சேலியமேட்டிலோ குருவிநத்தத்திலோ ஒரு தொடக்கப் பள்ளிக்குள் போய், "உங்க ஊரை வரைங்க" என்று சொல்லிப் பார். தாளுக்குத் தாள் இரண்டு முக்கோண மலை, நடுவே பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை. இந்தப் பிள்ளைகள் ஒருவர்கூட வாசலில் நின்று மலையைப் பார்த்ததில்லை. பாகூரில் ஏறி நிற்க உயரமான இடம் ஏரிக்கரைதான். அப்படியானால் மலை எங்கிருந்து வந்தது? நம்மைப் போன்றவர்கள் வரைந்த சார்ட்டிலிருந்தும் ஓவிய நோட்டிலிருந்தும் வந்தது. பிள்ளையின் கண் பார்த்ததை நம் படம் அழித்துவிட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

தட்டையான நிலத்தை வரைவது கடினம். ஆனால் அதற்கென்று ஓர் அழகு உண்டு. அடிவானக் கோட்டைத் தாளின் கீழ்ப்பக்கம் இறக்கு. மேலே வானம் முழுவதும் உனக்கு. உயரம் வேண்டுமா? பனை இருக்கிறது, வைக்கோல் போர் இருக்கிறது, மூலநாதர் கோயில் விமானம் இருக்கிறது, வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் தேர் இருக்கிறது. விரித்து வைத்த இரண்டு பக்கம், அகலமான தாள், இந்த நிலத்துக்கென்றே செய்தது போல அமையும். தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக பாகூர் ஏரிக்கு வருகிறது. அந்த வாய்க்காலோடு ஒரு காகிதப் படகை அனுப்பி, மதகு வரைக்கும் பின்னாலேயே போனால் ஒரு புத்தகம் முடிந்துவிடும்.

கவிஞர் வாணிதாசன் வில்லியனூரில் பிறந்து சேலியமேட்டில் வாழ்ந்தவர். இயற்கையைப் பாட அவர் இந்த வயலையும் ஏரியையும் விட்டு வேறெங்கும் போகத் தேவைப்படவில்லை. அவர் பார்த்த இடத்தில்தான் நீயும் நிற்கிறாய்.

2. எழுத்து சொன்னதையே படமும் சொன்னால் அந்தப் பக்கம் வீண்.

"பாட்டி சந்தைக்குப் போனாள்" என்று கதையில் இருந்தால், பாட்டி கூடையோடு நடப்பதை மட்டும் வரைந்து நிறுத்தாதே. பின்னால் யார் வருகிறார்கள்? பாட் ஹட்சின்ஸ் 1968-ல் ஒரு கோழியின் நடையைப் பற்றி 'ரோசீஸ் வாக்' என்ற புத்தகம் போட்டார். கோழியைத் துரத்தி வரும் நரியைப் பற்றி எழுத்தில் ஒரு சொல் கிடையாது. நரி படத்தில் மட்டும்தான் இருக்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கு அந்த நரி தெரியும், வாசித்துக் காட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் போகும். "அப்பா, நரி!" என்று குழந்தை கத்தும் கணத்தில், அந்த வீட்டில் யார் வாசகர் என்பது மாறிவிடுகிறது.

3. முதல் பக்கத்து முகம் கடைசிப் பக்கத்திலும் அதே முகமாக இருக்கட்டும்.

சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன் 1952-ல் அம்புலிமாமாவில் சேர்ந்து பல பத்தாண்டுகள் வரைந்தார். தோளில் உடலைச் சுமந்து, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமனை இந்த நாட்டில் எத்தனை தலைமுறைக்குத் தெரியும்! எந்த இதழைப் பிரித்தாலும் அந்தத் தோளில் இருக்கும் பாரம் அதே பாரம். 2020-ல் அவர் மறைந்தார், அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவர் படங்களைத் தேடி எடுத்து, மெல்லிய தாள் வைத்து நகலெடுத்துப் பழகு. கூச்சம் வேண்டாம், பழகுவதற்காகத்தானே.

என் ஆரம்பகாலப் புத்தகம் ஒன்றில் பதினோராம் பக்கத்தில் சிறுமியின் ஜடை வலத்திலிருந்து இடத்துக்கு மாறிவிட்டது. நான் கவனிக்கவில்லை, பதிப்பாளரும் கவனிக்கவில்லை. ஐந்து வயதுப் பெண் ஒருத்தி விரல் வைத்துக் காட்டினாள். அதன்பிறகு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தாள் வைத்துக்கொண்டேன்: முன், பின், பக்கம், அழுகை, ஓட்டம், தூக்கம்.

இன்னொரு வழியும் சொல்கிறேன். வில்லியனூருக்குப் போய்ச் சுடுமண் வேலையைக் கவனித்துப் பார். புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. அந்தக் கலைக்காக வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. களிமண்ணை உருட்டிக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினால் கண்குழி வந்துவிடுவதைப் பார். கொஞ்சம் மண் வாங்கி வந்து உன் கதைப் பிள்ளையின் தலையைச் செய். விளக்கடியில் வைத்துத் திருப்பு. எந்தக் கோணத்தில் நிழல் எங்கே விழும் என்று மண் சொல்லும்.

4. 'ஸ்கின் கலர்' என்று எழுதிய கிரேயானைத் தூக்கிப் போடு.

வண்ணப் பெட்டியில் இளஞ்சிவப்பாக ஒரு குச்சி இருக்கும். யாருடைய தோல் அது? பனித்திட்டுக் கடற்கரையில் வலை உலர்த்தும் அம்மாவின் தோல் அந்த நிறமில்லை. நடவில் குனிந்திருக்கும் பெண்களுடையதும் இல்லை. ஆனால் கருத்த பிள்ளை ஒன்று தன்னை வரையும்போது அந்தக் குச்சியைத்தான் தேடி எடுக்கிறது. நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். "ஏன் கண்ணு, உன் கை இந்தக் கலரா?" என்று கேட்டேன். "படத்துல இப்படித்தான் போடணும்" என்றது பிள்ளை.

அந்தப் பதிலை எழுதிக் கொடுத்தவர்கள் நாம். நல்ல பிள்ளைக்கு வெளுத்த நிறம், திருடனுக்குக் கறுப்பு என்று எத்தனை காலம் வரைந்திருக்கிறோம்! காவியும் கருநீலமும் கலந்து பார், கொஞ்சம் மஞ்சள் தொட்டுப் பார். கறுப்பிலேயே எத்தனை கறுப்பு இருக்கிறது என்று உனக்குத் தெரியவரும். வெயில் பட்ட கன்னத்தில் செம்பு மின்னும், நிழல் பக்கம் நீலம் தெரியும். பதிப்பாளர் "கொஞ்சம் வெளுப்பாக்குங்க" என்றால் மரியாதையாக மறுத்துவிடு. அதனால் ஒரு புத்தகம் போனால் போகட்டும்.

5. முப்பத்திரண்டு பக்கக் கணக்கு.

அச்சகத்தில் 16 பக்கம் ஒரு பாரம். படப் புத்தகம் பெரும்பாலும் இரண்டு பாரம், 32 பக்கம். தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போக, கதைக்கு உன் கையில் 12 முதல் 14 விரிப்புகள் (எதிரெதிரே விரியும் இரண்டு பக்கம் ஒரு விரிப்பு) நிற்கும். தீப்பெட்டி அளவில் எல்லாவற்றையும் ஒரே தாளில் வரை. பிறகு தாள் மடித்து ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், செய்து புரட்டு. புரட்டும் இடம்தான் கதையின் மூச்சு. யானை மறைந்திருக்கிறது என்றால் அது வலப்பக்க ஓரத்தில் வாலாகத் தெரிந்து, புரட்டிய பிறகு முழுதாக வரவேண்டும்.

இரண்டு பக்கம் சேரும் நடுமடிப்பில் முகத்தை வைக்காதே. ஓரத்தில் வெட்டுக்கு 3 மி.மீ. கூடுதலாக வரைந்துவிடு.

6. பச்சை.

திரையில் பளிச்சென்று தெரியும் பச்சை அச்சு மையில் வராது; சோதனைப் படி கேட்டு வாங்கிப் பார். அதைவிட முக்கியமானது, எந்தப் பச்சை என்பது. நாற்றங்கால் ஒரு பச்சை. நடவு முடிந்த வாரத்தில் பயிர் வெளுத்து மஞ்சளடிக்கும். தூர் கட்டியபின் கரும்பச்சை. பாகூர்ப் பிள்ளைக்கு இது தெரியும், உன் படம் தப்பாக இருந்தால் கண்டுபிடித்துவிடும்.

7. காகிதத்தில் எழுதி வாங்கு.

என் இளமையில் ஒரு புத்தகத்துக்கு மொத்தமாக ஒரு தொகை வாங்கினேன். வாய்ப்பேச்சுதான். சில ஆண்டு கழித்து அதே படங்கள் பள்ளிப் பையிலும் சுவர்ச் சார்ட்டிலும் தொங்கின, என் பெயர் எங்குமில்லை. மூலப்படங்களும் திரும்பி வரவில்லை.

1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைத் தெரிந்துகொள். ஒருவர் கேட்டு, காசு கொடுத்து வரையவைத்த ஓவியத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்கே போகும் என்கிறது 17-வது பிரிவு. ஆகவே ஒப்பந்தம் இல்லாமல் தூரிகையைத் தொடாதே. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லையைக் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19-வது பிரிவு வைத்திருக்கிறது. உரிமையைக் கொடுத்த பிறகும் இது என் படைப்பு என்று சொல்லும் உரிமை 57-வது பிரிவின்படி உன்னிடமே நிற்கும். உன் பெயர் அட்டையில் எழுத்தாளர் பெயரோடு வரவேண்டும் என்றும், மூலப்படம் திரும்ப வேண்டும் என்றும் தனியாக எழுது. சாகித்திய அகாதெமி 2010 முதல் தரும் பால சாகித்திய புரஸ்கார் எழுத்தாளருக்குத்தான். அட்டையிலும் பெயர் இல்லாவிட்டால் ஓவியரை யாருக்குத் தெரியும்?

8. எங்கே அனுப்புவது?

சென்னையில் தாரா பதிப்பகம் 1994-ல் தொடங்கியது, தூலிகா பதிப்பகம் 1996-ல். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படங்கள் திறந்த உரிமத்தில் போகும். எதைக் கொடுக்கிறாய் என்று படித்துப் பார்த்துக் கொடு. இருபது தனிப் படம் அனுப்பாதே. ஒரே பிள்ளை மூன்று விரிப்பில் மூன்று மனநிலையில் இருக்கட்டும், போதும்.

9. வரையாத கதைகள் இங்கேயே கிடக்கின்றன.

எழுத்தாளர் கி. ராஜநாராயணன் புதுவைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இந்த வட்டாரத்து நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். எடுத்துப் படி, உன் பாட்டியிடமும் கேள். 9-ம் நூற்றாண்டில் நிருபதுங்க பல்லவன் காலத்தில் பாகூரின் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக எழுதிவைத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு ஊரையே எழுதிவைத்த ஊர் இது. இந்த ஊர் அங்கன்வாடிப் பிள்ளைக்குத் தன் ஏரி இருக்கும் ஒரு புத்தகமாவது வேண்டாமா?

10. டம்மி முடிந்ததும் அங்கன்வாடிக்கு எடுத்துப் போ.

"நல்லா இருக்கா?" என்று கேட்காதே, நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். வாசித்துக் காட்டிவிட்டுப் பேசாமல் உட்கார். விரல் எங்கே போகிறது, எந்தப் பக்கத்தில் கண் வாசலுக்குத் திரும்புகிறது, எதைப் பின்னால் புரட்டிப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள். அந்தக் குறிப்பையும் டம்மியையும் கொண்டு என்னிடம் வா. திண்ணையில் சாயங்காலம் ஐந்து மணிவரை வெளிச்சம் நன்றாக இருக்கும்.