அரசலாற்றைத் தாண்டும் ஒளிக்கற்றை: எந்த ஏற்பாடு யாருக்கு?

அரசலாற்றின் இரு கரையிலும் கட்டடம் உள்ளவர், ஃபைபர் புதைக்காமல் லேசர் ஒளியால் இரண்டையும் இணைத்துவிடலாம். கற்றையைக் குறி தவறாமல் நிறுத்துவதுதான் சிரமம். திசை ஒரு மில்லிரேடியன் பிசகினால் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு மீட்டர் விலகி விழும். சித்திரை வெயிலில் ஒரு பக்கம் சூடேறி வளையும் இரும்புக் கம்பமும், ஐப்பசி வாடைக்காற்றில் ஆடும் டவரும் கற்றையைத் தவறவைக்கப் போதும்.

அரை கிலோமீட்டருக்குள் என்றால் அசையாத விரிகற்றையே என் தேர்வு. 5 மில்லிரேடியன் விரிந்தால் 500 மீட்டரில் வெளிச்ச வட்டம் இரண்டரை மீட்டர் அகலம். கம்பம் சற்று ஆடினாலும் லென்ஸ் வட்டத்துக்குள்ளேயே இருக்கும். பழுதாக நகரும் பாகமும் இல்லை. ஆனால் 10 சென்டிமீட்டர் லென்ஸுக்குக் கிடைப்பது 625-ல் ஒரு பங்கு ஒளி. ஒரு கிலோமீட்டரில் அது 2500-ல் ஒரு பங்காகிவிடும். தை மாதப் பனிமூட்டம் அதையும் விழுங்கும்.

அடுத்த ஏற்பாடான, கருவியை மோட்டாரால் திருப்பும் தலை, கம்பத்தின் வளைவையும், வெப்பம் மாறும் காற்றடுக்குகளில் கற்றை மேல்கீழாக வளைவதையும் திருத்தும். டவரின் அதிர்வுக்கு ஈடுகொடுக்காது. உப்புக்காற்றும் அதற்கு ஆகாது. கடலோரத்தில் இதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் குறுகிய கற்றையும் வேகமாகத் திரும்பும் கண்ணாடியும் தேவை. பெறும் முனையில் நான்காகப் பிரித்த உணரி இருக்கும். ஒளிப்புள்ளி எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கேற்பக் கண்ணாடி நொடிக்குப் பலமுறை திரும்பிச் சரிசெய்யும். நம் டெல்டாக் காற்றிலேயே இது சோதிக்கப்பட்டிருக்கிறது: தஞ்சை வட்டாரத்தில், புனல்குளம் கிங்ஸ் பொறியியல் கல்லூரியில் ஆரோக்கிய பாசில் ராஜும் குழுவினரும் சுமார் அரை கிலோமீட்டர் தொலைவுக்குக் கற்றையை அனுப்பி, அதை நிலைநிறுத்தும் முறைகளை ஆராய்ந்தார்கள். காங்கோ ஆற்றின் குறுக்கே பிராஸாவில், கின்ஷாசா நகரங்களை 4.8 கிலோமீட்டரில் இணைத்த 'தாரா' கருவியும் கண்ணாடியைத் திருப்பித்தான் குறிவைக்கிறது. 20 நாளில் சுமார் 700 டெராபைட் கடத்தியதாக அந்தக் கருவியின் குழுவினர் 2021-ல் அறிவித்தார்கள்.

எந்தக் கண்ணாடியும் பனிமூட்டத்தை ஊடுருவாது. இணைப்பு அறுபடக் கூடாது என்றால் பக்கத்திலேயே ஒரு ரேடியோ இணைப்பும் வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பு செலவழிக்க வேண்டியது தாங்கியில். டவர் உச்சியைவிட, மொட்டைமாடியில் கீழே தூண் இறங்கும் மூலையில் எழுப்பிய குட்டையான கான்கிரீட் மேடை எவ்வளவோ மேல். முகப்புக் கண்ணாடியில் படியும் உப்பை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவ ஆள் ஏற்பாடு செய்துவிட்டுக் கருவிக்கு ஆர்டர் கொடுங்கள்.