பிடரி காட்டிய பெயர்

நுழையும்முன்

பறவையைக் காண்பது எளிது. இன்னதெனத் துணிவது அரிது. ஒத்த தோற்றமுடைய இரு மரங்கொத்திகளை வேறுபடுத்தி அறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

முதுமலையின் வறண்ட இலையுதிர்க் காட்டில் ஒரு காலைப்பொழுது. பட்டமரம் ஒன்றிலிருந்து ‘டொக், டொக்’ என்னும் ஓசை எழுகிறது. பொன்னிற இறகும் சிவந்த கொண்டையும் உடைய பறவையொன்று, விறைத்த வாலை மரத்தில் ஊன்றியவாறு மேலேறுகிறது. ‘தோப்பிலும் தெருவோர மரத்திலும் காணும் பொன்முதுகு மரங்கொத்திதானே!’ என்று நடக்கத் தொடங்குகிறோம். அப்போது பறவை திரும்புகிறது. அதன் பிடரி பளிச்சென வெண்மையாகத் தெரிகிறது. நமக்கு ஐயம் பிறக்கிறது.

ஐயத்தைத் தீர்க்க மூன்று இடங்களை நோக்க வேண்டும். முதலாவது பிடரி. பொன்முதுகு மரங்கொத்திக்குப் பிடரி கருமை, மேல்முதுகு பொன்னிறம். அரிதாகத் தென்படும் வெண்பிடரி மரங்கொத்திக்கோ பிடரியும் மேல்முதுகும் வெண்மை. அவற்றின் இருபுறமும் கருந்தோள்கள் அமைந்திருக்கும். இரண்டாவது தொண்டை. முன்னதற்குக் கருந்தொண்டையில் வெண்கீற்றுகள்; பின்னதற்கு வெண்தொண்டையில் மெல்லிய கருங்கோடுகள். மூன்றாவது பெண்பறவையின் உச்சி. பொன்முதுகு இனத்தில் நெற்றி கருமையாகவும் பின்கொண்டை சிவப்பாகவும் இருக்கும். வெண்பிடரி இனத்தில் உச்சி மஞ்சளாக இருக்கும். இடுப்பு இரண்டுக்குமே கருமையாதலால், அதைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

கண்டதை முதலில் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பறவை நூலைப் பிறகே திறக்க வேண்டும். படத்தை முன்னரே பார்த்துவிட்டால், காணாத அடையாளத்தையும் கண்டதாக மனம் நம்பிவிடும். பிடரி தெளிவாகத் தெரியவில்லையெனில், ‘மரங்கொத்தி, இனம் தெளிவில்லை’ என்று எழுதுவதே நேர்மை.

பொங்கல் நாள்களில் நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பில் மாணவர்களும் பங்கேற்கலாம். அங்கே தவறான ஒரு பதிவு, இல்லாத இடத்தில் ஒரு பறவை இருப்பதாகக் காட்டிவிடும். கவனமின்றிக் கடந்துசென்றாலோ, இருக்கும் பறவை கணக்கில் வாராது போகும். பட்டமரம் வெறும் விறகன்று. மரங்கொத்தி அதில் பொந்து குடைகிறது. அது விட்டுச்சென்ற பொந்தில் மைனாவும் கிளியும் குடியேறுகின்றன. அத்தகைய மரத்தைக் காக்க வேண்டுமென்று கேட்போருக்கு, பிழையற்ற பதிவே சான்றாகும்.

கற்பவை கற்றபின்

காகம், அண்டங்காக்கை ஆகியவற்றை உற்றுநோக்கி, அவற்றின் வேறுபாடுகளைப் பறவை நூலின் துணையின்றி எழுதுக. பின்னர் நூலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்க.