ஒரே விதிப் புத்தகம், பல உலகங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதலில் இன்ஸ்டால் ஆவது பெரும்பாலும் கேம்ஸ்தான். பிள்ளைகள் ரோல் பிளேயிங் கேம் ஆடும்போது அருகில் உட்கார்ந்து பாருங்கள். வீரனின் பெயருக்குக் கீழே பலம் 14, புத்தி 11, உயிர் 20 என்று எண்கள் இருக்கும். வாளை வீசினால் சில சமயம் எதிரி மீது படும், சில சமயம் தவறும். இதை முடிவு செய்யும் விதிகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? காகிதம், பென்சில், பகடை இவற்றை வைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடியவர்களிடமிருந்து! அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் சாஃப்ட்வேர் உலகின் முக்கியமான பாடம் ஒன்றும் கூடவே புரிந்துவிடும்.

மேஜை விளையாட்டு

நான்கைந்து பேர் கூடி ஆடும் விளையாட்டு இது. ஒருவர் கேம் மாஸ்டர். கதையைச் சொல்வதும் தீர்ப்பு சொல்வதும் அவர் வேலை. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் அந்தப் பூட்டை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், முடியுமா முடியாதா என்பதைப் பகடை சொல்லும். இவ்வகையில் முதன்முதலில் விற்பனைக்கு வந்த விளையாட்டு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகிய இருவரும் உருவாக்கி, 1974-ல் வெளிவந்தது.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. விதிகள் எல்லாம் மந்திரவாதி, வாள்வீரன், சுரங்கம் என்ற ஒரே உலகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. விண்கலத்தில் போகும் கதை வேண்டுமென்றால் வேறு விளையாட்டை வாங்கி, வேறு விதிகளை ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டும். ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி கம்ப்யூட்டர் வாங்குவது போன்ற நிலைமை இது.

விதி வேறு, உலகம் வேறு

கேயாசியம் என்ற நிறுவனம் 1978-ல் 'ரூன்குவெஸ்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதன் விதிகளைச் சுருக்கி 1980-ல் 16 பக்கச் சிறு நூலாகக் கொண்டு வந்தார்கள். பெயர் 'பேசிக் ரோல்பிளேயிங்'. முறை மிக எளிது. உங்கள் பாத்திரத்துக்குப் பூட்டுத் திறக்கும் திறமை 60 சதவீதம் என்றால், நூறு வரை எண் தரும் பகடைகளில் 60-க்குள் விழ வேண்டும். இதே அடிப்படையில் 1981-ல் 'கால் ஆஃப் கதுல்ஹு' என்ற திகில் விளையாட்டும் வந்தது.

அதே 1981-ல் வந்த 'சாம்பியன்ஸ்' சூப்பர் ஹீரோக்களுக்கானது. இதில் புள்ளிகளைக் கொடுத்துச் சக்திகளை வாங்க வேண்டும். தூரத்திலிருந்து தாக்கும் சக்தி ஒன்றை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது நெருப்பா, மின்னலா என்பது உங்கள் கற்பனை. கணக்கு ஒன்றுதான். இந்த விதிகளே பின்னர் 'ஹீரோ சிஸ்டம்' என்ற பொது முறையாக வளர்ந்தன.

கர்ப்ஸ்: பெயரிலேயே 'பொது'

1986-ல் ஸ்டீவ் ஜாக்சன் என்பவர் 'கர்ப்ஸ்' முறையை வெளியிட்டார். 'ஜெனரிக் யுனிவர்சல் ரோல்பிளேயிங் சிஸ்டம்' என்பதன் சுருக்கம் இது. எந்தக் காலத்துக்கும் எந்த உலகத்துக்கும் பொதுவான விதிகள் என்பது நோக்கம். தேவை மூன்று சாதாரணப் பகடைகள் மட்டுமே. லூடோ டப்பாவில் இருப்பதே போதும்!

ஒரு கணக்கைப் பார்ப்போமா? மூன்று பகடைகள் மொத்தம் 216 விதமாக விழலாம். கூட்டுத்தொகை உங்கள் திறமை எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் வெற்றி.

* திறமை 10: 216-ல் 108 முறை வெற்றி. சரியாக 50 சதவீதம்.
* திறமை 12: 160 முறை. சுமார் 74 சதவீதம்.
* திறமை 14: 196 முறை. சுமார் 91 சதவீதம்.

இருட்டில் பூட்டைத் திறக்க வேண்டுமா? திறமையில் 2 குறைத்துக்கொள்ளுங்கள். விண்கலத்தின் கதவானாலும் கோட்டைக் கதவானாலும் கணக்கு மாறாது. நாங்கள் புரோகிராம் எழுதும்போது இதையே எஞ்சின் வேறு, டேட்டா வேறு என்று சொல்வோம்.

ஹார்ட் டிஸ்க் கற்பித்த பாடம்

1990 மார்ச் 1 அன்று அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் அதிகாரிகள் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் அலுவலகத்தைச் சோதனையிட்டு, கம்ப்யூட்டர்களை எடுத்துச் சென்றார்கள். அச்சுக்குப் போகவிருந்த 'கர்ப்ஸ் சைபர்பங்க்' நூலின் ஃபைல்களும் அவற்றோடு போயின. விசாரணை ஓர் ஊழியரைப் பற்றியது. நிறுவனத்தின் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஆனாலும் ஆட்களைக் குறைக்க வேண்டிய நிலை அதற்கு ஏற்பட்டது. அந்த நூலைப் பழைய பிரதிகளிலிருந்து மீண்டும் உருவாக்கி அதே ஆண்டில் வெளியிட்டார்கள். வழக்கில் 1993-ல் நிறுவனம் வென்றது. 50,000 டாலர் இழப்பீடும் வழக்குச் செலவும் கிடைத்தன. உங்கள் முக்கியமான ஃபைல்களுக்கு ஒரு பேக்கப் வீட்டுக்கு வெளியேயும் இருக்கட்டும்.

விதிகள் யாருக்குச் சொந்தம்?

1997-ல் வந்த 'ஃபால்அவுட்' என்ற கம்ப்யூட்டர் கேம் முதலில் கர்ப்ஸ் விதிகளைக் கொண்டே தயாரானது. ஆனால் உரிம ஒப்பந்தம் முறிந்துவிட்டது. குழுவினர் ஏழு குணங்களைக் கொண்ட 'ஸ்பெஷல்' என்ற சொந்த முறையை அமைத்து, கர்ப்ஸ் இருந்த இடத்தில் பொருத்தினார்கள். கதையும் உலகமும் அப்படியே இருந்தன. விதியும் உலகமும் பிரிந்திருந்ததால் கேம் பிழைத்தது. விதி அடுத்தவருடையது என்பதால்தான் ஆபத்தே வந்தது.

இதற்கு மாற்றாக, 1992-ல் இன்டர்நெட்டில் பலர் கலந்து பேசி உருவான 'ஃபட்ஜ்' முறை இலவசமாகக் கிடைத்தது. அதிலிருந்து 2003-ல் 'ஃபேட்' பிறந்தது. 2000-ல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகளைத் திறந்த உரிமத்தில் விட்டது. 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை மாற்ற முயன்றபோது ஆட்டக்காரர்களும் பதிப்பகங்களும் கடுமையாக எதிர்த்தார்கள். அதே மாதம் 27-ம் தேதி நிறுவனம் பின்வாங்கி, விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. எனவே எந்த சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்தாலும் லைசென்ஸ் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

குறையே இல்லையா?

உண்டு. எல்லாவற்றுக்கும் பொருந்தும் சட்டை யாருக்கும் கச்சிதமாக இருக்காது. 'கால் ஆஃப் கதுல்ஹு' விளையாட்டில் பயம் உண்டாவது பொது விதியால் அல்ல. பார்க்கக்கூடாததைப் பார்க்கும்போது பாத்திரத்தின் மனநிலை மதிப்பெண் குறையும் என்று அதற்காகவே சேர்த்த ஒரு விதியால்தான். கர்ப்ஸும் ஒவ்வொரு உலகத்துக்கும் தனித் துணைநூல் போட வேண்டியிருந்தது. பொதுவான அடித்தளம் உழைப்பை மிச்சப்படுத்தும். சுவை தருவது அதன்மேல் நாம் கட்டும் தனிப்பகுதிதான்.

நீங்களும் ஆடிப் பார்க்க விருப்பமா? 'கர்ப்ஸ் லைட்' என்ற 32 பக்க பி.டி.எஃப். ஃபைலை அதன் வெளியீட்டாளரின் தளத்திலிருந்தே இலவசமாக டவுன்லோட் செய்யலாம். மூன்று பகடைகள், ஒரு பென்சில், நான்கு நண்பர்கள். இவை போதும். கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டு ஆடலாம்!