பெண்மகவுக்குத் திருநாமம் சூட்டுதல்

பெற்றோர் தம் மகவுக்கு அளிக்கும் முதற்செல்வம் பெயரேயாகும். பதினோராம் நாள் புண்யாஹவாசனம் ஆனபின், தட்டில் பரப்பிய பச்சரிசியில் தந்தை அப்பெயரை எழுதி, குழந்தையின் வலச்செவியில் மும்முறை ஓதுகிறார். ஆயுள் முழுதும் பிறர் வாயால் அவள் கேட்கப்போகும் சொல் அது.

பெண்ணின் பெயர் எளிதில் உச்சரிக்கத் தக்கதாய், கடுமையற்றதாய், பொருள் தெளிந்ததாய், மனத்துக்கு இனியதாய், மங்களகரமாய், நெடிலில் முடிவதாய், ஆசி கூறுவதாய் இருத்தல் வேண்டும் என்பது மநு ஸ்ம்ருதி. எழுத்து எண்ணிக்கை ஒற்றைப்படையாக அமையவேண்டும் என்பார் ஆபஸ்தம்பர். உயிரில்லாத மெய்யை இங்கு எண்ணுவதில்லை. திருவரங்கத்து ரங்கநாயகீ, உறையூர்க் கமலவல்லீ, திருக்குடந்தைக் கோமளவல்லீ ஆகிய தாயார் திருநாமங்கள் ஐந்தெழுத்தாய், நெடிலில் முடிவனவாய், இவ்விலக்கணங்களுக்கு முற்றும் பொருந்தி நிற்றல் காண்க.

பிள்ளைகளுக்கு எம்பெருமான் திருநாமத்தையே இடுமின் என்று தாய்மார்க்கு உபதேசித்தவர் பெரியாழ்வார். அவரது திருமொழியில் நான்காம் பத்தின் ஆறாம் திருமொழி முழுவதும் இதுவே பொருள். காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டுப் பிறர் பெயரை இடுதல் தகாது என்று அங்குக் கடிந்துரைக்கிறார்.

அங்கே கூறப்படுவன ஆண்பிள்ளைப் பெயர்களாயிற்றே, பெண்மகவுக்கு என் செய்வது என்று சிலர் வினவக்கூடும். அதற்கு ஆழ்வார் தம் வாழ்க்கையாலேயே விடை தந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில், ஆடிப்பூரத்தன்று துளசியின் அடியில் ஒரு பெண்மகவைக் கண்டெடுத்தார். பெற்றார் இன்னார் என்று கேட்டாரில்லை. பெண்ணாயிற்றே என்று சலித்தாரில்லை. தாம் நாள்தோறும் பெருமானுக்குச் சாற்றும் மாலையின் பெயரையே எடுத்து, கோதை என்று அழைத்தார். வடமொழியில் அதுவே கோதா. நல்வாக்கைத் தருபவள் என்பது பொருள். இரண்டே எழுத்தாயினும் அத்திருநாமத்தைத் தம் பெண்களுக்குச் சூட்டப் பெரியோர் தயங்கியதில்லை. மாலை என்று பெயர் பெற்றவள் மாலையைச் சூடிக் கொடுத்தவளானாள், பெயர் பலித்தது.

நம் நாட்டுச் சிற்றூர்களில், அடுத்தடுத்துப் பெண் பிறந்தால் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயரிடும் வழக்கம் இருந்து வந்துள்ளது. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்பது பெற்றோர் எண்ணம். ஆனால் பள்ளியில் ஆசிரியர் அழைக்கும்போதெல்லாம், தான் வேண்டப்படாதவள் என்றன்றோ அச்சிறுமி கேட்கிறாள்? ஆசி கூறவேண்டிய இடத்தில் வெறுப்பைக் கூறுவது பெயராகாது.

அத்தகைய பெயரைச் சுமந்து வளர்ந்தவளுக்கும் ஸம்ப்ரதாயத்தில் கதி உண்டு. ஆசார்யன் அருளும் பஞ்ச ஸம்ஸ்காரத்தில் மூன்றாவது நாம ஸம்ஸ்காரம். பெண்களும் அதற்கு உரியவரே. அங்கே அவள் எம்பெருமானுக்கு அடியவள் என்னும் தாஸ்யநாமம் பெறுகிறாள். அவளை வேண்டுபவன் அவன்.

திருவிழாச் சேவித்து மீளும் அன்பர்கள் தத்தம் ஊர்த் தாயாரின் திருநாமத்தை நெஞ்சில் இருத்திச் செல்வார்களாக. இல்லத்தில் பெண் பிறக்கும் நாளில் அதனை உவந்து சூட்டி, சிதைக்காமல் முழுமையாக அழைப்பார்களாக. அழைக்குந்தோறும் அழைப்பவர் நாவும் தூய்மை பெறும்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.